தரையாளின் பயம்

ஏணியை நிறுத்துவதற்கு முன் பிலோமினா மதினி தினமும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "சாப்ட்டியாட்டி?" என்பதுதான். பாசம் என்று நினைத்துவிட வேண்டாம். வெறும் வயிற்றில் பயம் வந்தால் குமட்டும். கீழே நின்று பிடிக்கிற தரையாள் குமட்டினால் ஏணியை விட்டுவிடுவாள். அதனால் எனக்கு இரண்டு இட்லி, வாயில் அடக்கிக்கொள்ள ஓர் இஞ்சி மிட்டாய். ஏறப்போவது மதினி. பயப்படப்போவது நான்.

எங்கள் தூத்துக்குடியில் இப்போது ஜன்னல் வெளியே பார்ப்பதற்கு மட்டுமல்ல. வீட்டு மின்சாரம் ஜன்னலில் பதித்த ஒளிக்கண்ணாடியில்தான் விளைகிறது. கடல் காற்று அதன்மேல் உப்பைப் பூசிக்கொண்டே இருக்கும். உப்பு தடித்தால் ஃபேன் சுற்றாது. நேரான சுவர்களைக் கழுவு ட்ரோன்கள் பார்த்துக்கொள்கின்றன. சரிவுக் கூரைக்கு மேலே, இரண்டு சுவர் முட்டும் மூலையில் என்று, துடைக்கப் போகிறவளைப் பற்றி ஒரு நொடியும் யோசிக்காமல் வைத்த ஜன்னல்களும் உண்டு. அங்கே ட்ரோன் போனால் மோதி நொறுங்கும். அங்கேதான் எங்களைக் கூப்பிடுவார்கள்.

முன்பெல்லாம் இந்த வேலையில் நிறையப் பேர் விழுந்தார்களாம். விழுந்ததில் பாதிக்கு மேல் கால் நடுங்கித்தான் என்று கணக்கெடுத்தார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் அச்சமாற்றுப் பட்டை. ஏணியில் ஏறுகிறவளுக்கு இடுப்பில் ஒன்று, கீழே பிடிக்கிறவளுக்கு ஒன்று. மேலே பிறக்கிற பயம் அங்கே தங்காமல் கீழே வந்துவிடும். ஏணியாளுக்குக் கை நடுங்காது. தரையாள் கெட்டியான தரையில் நிற்பதால், எவ்வளவு நடுங்கினாலும் விழ மாட்டாள். பயம் அளவு மீறினால் "இறங்குங்க" என்று குரல் கொடுப்பாள். ஏணியின் அடியிலும் உச்சியிலும், பட்டை வழியாகப் போகிற பயத்தை அளக்கும் அச்சமானி விளக்கு எரியும். பச்சை என்றால் வேலை நடக்கலாம். சிவப்பு என்றால் இறங்கியாக வேண்டும்.

சேர்ந்த புதிதில் மதினியின் பயம் எனக்குள் வந்து இறங்கும்போது வயிற்றில் ஐஸ் தண்ணீரை ஊற்றியது போல இருக்கும். அதில் ஏணிப் பயம் பாதிதான். மீதியெல்லாம் ஜாஸ்லின். மதினியின் ஒரே மகள், என் அண்ணன் மகள். அண்ணன் கப்பலில் வேலை பார்க்கிறான். தான் விழுந்தால் பிள்ளைக்கு யார் என்கிற பயம் அது. பிள்ளை பெறாத எனக்கு அந்தப் பயம் அப்படித்தான் பழக்கமானது. அது என் வயிற்றில் வந்து உட்காரும்போது, மதினி மேலே பாட்டு முணுமுணுத்துக்கொண்டு துடைப்பார்.

பிறகு பயம் குறைந்துகொண்டே வந்தது. தொழில் கைக்கு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். விளக்கு எப்போதும் பச்சை. நகரத்திலேயே பாதுகாப்பான ஜோடி என்று எங்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நாங்களும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம்.

போன மாதம் தேர்த் திருவிழாக் கூட்டத்தில் ஜாஸ்லின் தொலைந்துபோனாள். நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடினேன். மதினி வளையல் கடையில் நின்று நிறம் பார்த்துக்கொண்டிருந்தார். "வருவாட்டி, எங்கன போயிருவா?" என்றார். அன்றைக்கு அவர் இடுப்பில் பட்டை இல்லை. பிள்ளை கிடைத்தாள். அவள் ஓடிவந்து கட்டிக்கொண்டது அம்மாவை அல்ல, என்னை. அது எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். இல்லை, திகிலாக இருந்தது.

நேற்று போனது கடற்கரைச் சாலையில் ஒரு பழைய விடுதி. பின்கட்டில் கண்ணாடிக் கூரை போட்ட சாப்பாட்டுக் கூடம். அதற்கு மேலே, சுவர் மடங்குகிற மூலையில் ஒரு ஜன்னல். ஏணி வைக்க இருந்தது ஒரே இடம். அதுவும் பாசி பிடித்த, ஒரு பக்கம் வாட்டமான முற்றத்து ஓட்டுத்தளம். பாசியைச் சுரண்டி, ரப்பர் விரிப்பு போட்டு, ஏணியின் ஒரு காலுக்கு ஆப்பு வைத்து மட்டம் பார்த்தேன். மனசு ஒப்பவில்லை.

"மதினி, இது சரியில்ல. நாளைக்குச் சாரம் கட்டிப் பாப்போம்."

"வெளக்கு என்ன நெறம்?"

"பச்சைதான்."

"பெறகு என்னட்டி?" என்று சொல்லிக்கொண்டே ஏறிவிட்டார்.

பட்டை வழியாக எனக்கு ஒன்றுமே வரவில்லை. காலியான குழாயைத் திறந்து வைத்ததுபோல் நின்றேன். மதினி ஜன்னலின் இந்தப் பாதியைத் துடைத்து முடித்தார். இனி இறங்கி ஏணியை நகர்த்த வேண்டும். நகர்த்த இடம் இல்லை. தொப்புள் ஏணியின் இரண்டு கால்களுக்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். மறுபாதியை எட்டச் சாய்ந்ததில் மதினியின் தொப்புள் வெளியே போனது. பிறகு இடுப்பு. பிறகு ஒரு காலைத் தூக்கிக் கண்ணாடிக் கூரைமேல் வைத்தார். என் கைக்கடியில் ஏணியின் வலது கால் ஆப்பிலிருந்து லேசாக எழும்பி உட்கார்ந்தது.

"மதினி, கால எடுங்க! கண்ணாடி தாங்காது!"

"தாங்குதுல்லா. இன்னும் ஒரு சாண்தான்."

"ஏணி எந்திரிக்கி மதினி! எறங்குங்க!"

"பச்சையா இருக்கும்போது எறங்கச் சொல்லக் கூடாதுட்டி. ஒனக்கு ஏதாச்சும் வருதா?"

வந்தது. ஆனால் அது அவருடையது அல்ல. என்னுடையது. என் பயத்தை அளக்க அந்த விளக்குக்குத் தெரியாது. நான் பட்டையைக் கழற்றினால் ஏணியாள் உடனே இறங்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சட்டத்துக்குக் கட்டுப்படவும் கொஞ்சம் பயம் வேண்டுமே. இத்தனை வருஷமாகப் பிறந்த பயத்தையெல்லாம் என்னிடம் தள்ளித் தள்ளி, அவர் உடம்பு பயத்தை உண்டாக்குவதையே விட்டுவிட்டது. அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒரே ஒரு வழி இருந்தது. இரண்டு பட்டையும் ஒரே மாதிரிதான். கொக்கியில் உள்ள வளையத்தைத் திருப்பினால் போக்கு மாறும். என் பயம் மேலே போகும். ஏணியில் ஆள் இருக்கும்போது திருப்பவே கூடாது என்று பயிற்சியில் அடித்துச் சொல்வார்கள். திடீரென்று பயம் வந்தால் முழங்கால் மடங்கும், பிடி விட்டுப்போகும். இன்னொன்றும் உண்டு. பயம் முழுவதையும் மேலே அனுப்பிவிட்டால், கீழே ஏணியைப் பிடித்திருப்பவளுக்கு எதுவும் மிஞ்சாது. அவளை நம்ப முடியாது.

துப்பட்டாவை உருவினேன். இடது மணிக்கட்டை ஏணிக் காலோடு சேர்த்துச் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டேன். மேலே பார்த்துச் சாதாரணக் குரலில் சொன்னேன்.

"மதினி, என் பட்டை சரியா மாட்டல. கையக் கோத்துக்கோங்க."

பட்டையைத் தொடும்போதெல்லாம் ஏணியாள் இரண்டு காலும் படியில் வைத்து, முழங்கையைப் படிக்குள் விட்டுக் கோத்துக்கொள்ள வேண்டும். தினமும் செய்து செய்து அது கைப்பழக்கம். அதற்குப் பயம் தேவையில்லை. முணுமுணுத்துக்கொண்டே காலைக் கண்ணாடியிலிருந்து எடுத்தார். கோத்துக்கொண்டார். நான் வளையத்தைத் திருப்பினேன்.

மேலே ஓர் அலறல் கேட்டது. மதினி இரண்டு கையாலும் ஏணியைக் கட்டிக்கொண்டார். உச்சி விளக்கு சிவப்பானது. அவர் முதலில் கேட்டது இதுதான்.

"அமலி... ஜாஸ்லின் எங்கட்டி?"

எனக்கு அந்தக் கேள்வி காதில் விழுந்தது; அவ்வளவுதான். மனசு துடைத்துவிட்ட பலகையாக இருந்தது. விழுந்தாலும் விழுவார் என்று தோன்றியது, மழை வந்தாலும் வரும் என்று நினைப்பதுபோல. முற்றத்துக் குழாயடியில் வாளி நிரம்பித் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நல்ல தண்ணீர் வீணாகிறதே என்று குழாயை மூடப் போனேன். ஓர் அடி வைத்ததும் மணிக்கட்டு இழுத்தது. யாரோ கட்டியிருந்தார்கள். நான்தான். எதற்கென்று யோசித்தேன். ஏதோ காரணம் இருந்திருக்கும் என்று திரும்பி வந்து, இரண்டு பாதத்தையும் ஏணிக்கு முட்டுக்கொடுத்து நின்றேன்.

"வலது கால எறக்குங்க" என்றேன். "இப்ப இடது."

ஒவ்வொரு படியையும் காலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். தரைக்கு வந்ததும் அப்படியே ஓட்டுத்தளத்தில் உட்கார்ந்து அழுதார். "திருவிழால புள்ளையத் தொலச்சுட்டு வளையல் பாத்தேனேட்டி. நான் தாயா?" என்று மார்பில் அடித்துக்கொண்டார். நான் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, வளையத்தைத் திருப்ப நான் கையைக் கொண்டுபோனபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது ஒன்னோட பயம்லா?"

"ஆமா."

"என்னோடது?"

"இத்தன வருஷமும் எங்கிட்டதான் வந்துச்சு மதினி. இப்ப வரல. தீந்துபோச்சு."

அவர் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, ஒரு புடவையை இரவல் கேட்பதுபோலக் கேட்டார். "புள்ளைய ஸ்கூல்ல போய்க் கூட்டிட்டு வரவரைக்கும் இத நான் வச்சுக்கிடட்டுமா?"

சரி என்றேன். மறுக்க எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.

பட்டைகளைக் கழற்றாமலே பள்ளிக்குப் போனோம். வாசலில் மதினி ஜாஸ்லினை மேலும் கீழும் தடவிப் பார்த்தார். முழங்காலில் ஒரு பழைய சிராய்ப்பு. இது எப்போது விழுந்தது, யார் மருந்து போட்டது என்று கேட்டார். "அத்தை போட்டாங்க" என்றாள் பிள்ளை, அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டே. மதினி அவள் கையை இறுக்கிப் பிடித்தபடி சாலையோரம் வந்தார். வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், மறுபடியும் வலது பக்கம் பார்த்தார்.

எதிரே எங்கள் பஸ் நின்றிருந்தது. நான் பாட்டுக்குச் சாலையில் இறங்கி நடந்தேன். உப்பு லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. வருகிறது என்று தெரிந்தது. அதனால் என்ன என்றிருந்தது. பின்னாலிருந்து ஒரு கை என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தது. லாரி என் முன்னால் உரசிக்கொண்டு போனது.

"ரெண்டு பக்கமும் பாத்து வாட்டி!" என்று மதினி கத்தினார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. பிள்ளையை ஒரு கையிலும் என்னை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, எங்கள் மூவருக்குமான பயத்தையும் தனியாளாகச் சுமந்து, அவர் சாலையைக் கடந்தார்.