வேறுபாடு இல்லை

ஐப்பசி மழைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

டெல்டாவின் மதகுகளை எல்லாம் இயக்குவது வெள்ளநிரல். அதிலுள்ள கட்டளைகளின் குழப்பமான பெயர்களைத் திருத்துவது தில்லைநாயகியின் வேலை. நிரலின் செயலில் எதுவும் மாறாது. பெயர் மட்டும் மாறும். திருத்திய பின் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும், இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டும் கண்ணாடியான வேற்றுமையாடியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்போது மதகுக்காரர் பக்கத்தில் இருப்பது அந்த அலுவலகத்தின் வழக்கம். வடை அவர் பொறுப்பு. டீ அவள் பொறுப்பு.

மதகுக்காரர் சவரிமுத்து வடைப் பொட்டலத்தைப் பிரித்தார்.

“எப்பப் பாத்தாலும் ‘வேறுபாடு இல்லை’ன்னுதான் வருது. இதுக்கு ஒரு மெஷினு, அதுக்கு ஒரு ஆபீஸு.”

“வேறுபாடு வந்தாத்தான் அண்ணே நமக்குத் தலைவலி. கையை வைங்க.”

அவர் ஆடியின் விளிம்பில் உள்ளங்கையை வைத்தார். மழை, மண், மதகு, மதகுக்காரர் என எல்லாவற்றையும் ஆடி உள்வாங்கிக்கொள்ளும். அந்த நிமிடத்தில் அவர் எப்படி இருக்கிறாரோ அப்படியே.

மேசைக்கு மேல் இரண்டு டெல்டாக்கள் எழுந்தன. ஒன்றின்மேல் ஒன்று படிந்து ஒன்றாயின. வெண்ணாறு மயிரிழையாக மின்னியது. வயல்களின் மீது மேகங்கள் கூடின. எத்தனையோ முறை பார்த்த காட்சிதான். ஆனாலும் தில்லை மூச்சை அடக்கிக்கொண்டாள். ஒத்துப்போகும் இடமெல்லாம் நீலம். வேறுபட்டால் சிவப்பு. சிவப்பை அவள் பார்த்ததே இல்லை.

ஐப்பசி ஓடி முடிந்தது. கார்த்திகையில் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றியது.

அது ஆற்றில் இல்லை. பெரிதாக்கினாள். மதகு அறை. கட்டளைப் பலகை. அதற்கு மேல் ஒரு விரல்.

“என் விரலு,” என்றார் சவரிமுத்து.

பழைய பதிப்பில் பலகை கேட்டது: ‘மிகுதியைச் சமன்செய்யட்டுமா?’ விரல் உடனே அழுத்தியது. புதிய பதிப்பில் தில்லை வைத்த பெயர் இருந்தது: ‘ஆள் குறைந்த ஊரில் வெள்ளத்தை விடட்டுமா?’ விரல் அந்தரத்தில் நின்றது. பிறகு அந்தக் கை தொலைபேசியை எடுத்தது. ஒரு சிற்றூரில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. ஜனங்கள் மேட்டுக்கு ஏறினார்கள். அதற்குள் தண்ணீர் நகரத்தின் கரையைத் தாண்டிவிட்டது. தெருத்தெருவாகச் சிவப்பு பரவியது.

ஒரு மனிதர் தயங்கியதால் வந்த சிவப்பு. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நீ எதையாவது மாத்திட்டியாம்மா?”

“இல்லண்ணே. முதல்லேர்ந்து அது இதைத்தான் செய்யுது. பேரு புரியலையேன்னு உள்ள போய்ப் படிச்சேன். படிச்சதைப் பேரா வெச்சேன்.”

“மூணு தடவை அழுத்தியிருக்கேன்,” என்றார் அவர். “மதகு நம்பர்தான் காட்டும். ஊர் காட்டாது.”

அவள் டீயைத் தள்ளி வைத்தாள்.

“டவுன்ல எத்தனை பேரு?”

“நாப்பதாயிரம்.”

“அந்த ஊருல?”

“அறுநூறு.”

அவர் வடைப் பொட்டலத்தை மறுபடி மடித்தார். மடித்ததை மறுபடி பிரித்தார்.

“பழைய பேரையே போட்டுடும்மா. யோசிச்சிக்கிட்டு நின்னா டவுன் போயிரும்.”

அவள் போட்டாள். எழுத்துக்கு எழுத்து பழைய பதிப்பு. எதைத் தொட்டாலும் மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். சற்று முன் முதல் ஓட்டத்தில் பதிவான பழைய டெல்டாவை ஒரு பக்கம் வைத்தாள். மறுபக்கத்துக்காக சவரிமுத்து இன்னொரு முறை கையை வைத்தார். விளிம்பு ஈரமானது.

இரண்டு டெல்டாக்கள் எழுந்து படிந்தன. எல்லாம் நீலம். ஐப்பசி ஓடியது. டீயில் ஆடை படிந்திருந்தது.

கார்த்திகை. அதே இடத்தில் அதே புள்ளி.

பலகை பழையபடியே கேட்டது: ‘மிகுதியைச் சமன்செய்யட்டுமா?’ விரல் அந்தரத்தில் நின்றது.

“பேரைத்தான் திருப்பிப் போட்டுட்டியே?” என்றார் சவரிமுத்து.

“போட்டுட்டேன் அண்ணே. நீங்க படிச்சதை எப்படித் திருப்புறது?”