ஒற்றை விசில்

காற்று சால்வையைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. ஏரி மட்டும் அசையவில்லை.

பெரியவர் கரையில் நின்று அதையே பார்த்தார். இந்த உயரத்தில் இப்படி அடிக்கிற காற்றுக்குத் தண்ணீர் சுருக்கம் சுருக்கமாக மடிந்து, கரைக்கல்லில் மோதிச் சளசளக்க வேண்டும். எத்தனையோ பேரை இங்கே அழைத்து வந்திருக்கிறார், அந்தச் சத்தம் கேட்காத நாள் ஒன்றுகூட இல்லை. இன்று காற்றின் ஓலம் இருந்தது, அவருடைய மூச்சின் இரைப்பு இருந்தது, தண்ணீரிலிருந்து மட்டும் எதுவும் வரவில்லை. தலைக்கு மேல் ஓடுகிற மேகம்கூட அதில் தெரியவில்லை. துடைத்து வைத்த சிலேட்டுப் பலகை மாதிரிக் கிடந்தது. ஈர இரும்பின் வாடை ஒன்று மெல்ல மூக்கில் ஏறியது.

பார்த்தது போதும் என்று முதுகைத் திருப்பிக்கொண்டார். அவர் ஏரி பார்க்க வரவில்லை. மகன் சொன்னது உண்மையா என்று சோதிக்க வந்திருந்தார்.

தலைமுறை தலைமுறையாக இந்த ஏரிக்கு வழிகாட்டுகிற குடும்பம் அவர்களுடையது. போன பருவத்தின் கடைசியில் மகன் ஒரே ஒரு ஆளோடு மேலே வந்தான். தடித்த கண்ணாடி போட்ட வாத்தியார். மலை ஏரி என்று கேள்விப்பட்டால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறவர். இறங்கும்போது மூடுபனி பிடித்துக்கொண்டது. மூடுபனியில் இறங்குவதற்குக் குடும்பத்தில் ஒரு முறை உண்டு. முன்னால் போகிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. அந்த வெள்ளைக்குள் ஒரு தடவை உடம்பைத் திருப்பினால் திசை கைவிட்டுப் போகும், பக்கத்திலேயே பாதாளம். முன்னவர் இரண்டு தடவை விசில் ஊதுவார். பின்னால் வருகிறவர் ஒரு தடவை ஊதுவார். பதில் வந்தால் ஆள் வருகிறது என்று பொருள்.

கீழே, வழிகாட்டிகள் தங்குகிற கல்வீட்டு வாசல் வரைக்கும் பதில் வந்தது என்றான் மகன். வாசலில் நின்று திரும்பினானாம். யாரும் இல்லையாம்.

ஊர் சிரித்தது. "பெரியவரே, உங்க பையன் ஆளைக் கூட்டிட்டுப் போறதுல கெட்டிக்காரன்தான். திரும்பக் கூட்டிட்டு வர்றதுலதான் கொஞ்சம் மறதி" என்றார் மீசைக்காரர். அவரும் வழிகாட்டிதான். வழிகாட்டிகள் சங்கத்துக் கூடத்தில், அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்.

பெரியவர் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் திறக்கவில்லை. அன்றிலிருந்து மகன் முகத்தை அவர் நிமிர்ந்து பார்த்ததே இல்லை. மனைவி போய்ச் சேர்ந்தபின் இரண்டே பேர் இருந்த வீடு. ஒருவர் சாப்பிட்டு எழுந்தபின் மற்றவர் தட்டை எடுக்கிற வீடாக ஆயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் மகன் நடக்கிற சத்தம் கேட்கும். அதுதான் அவருக்குத் துணை.

நாளை சங்கம் கூடி, குடும்பத்தின் வழிகாட்டும் உரிமையைப் பறிக்கப்போகிறது. அதற்குள் அவருக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். பாறைகள் எதிரொலி கொடுத்து மகனை ஏமாற்றியிருக்குமா? ஏமாந்தவன் என்ற பெயரோடு ஊருக்குள் நடந்துவிடலாம். ஆளை விட்டுவிட்டு ஓடிவந்தவன் என்ற பெயரோடு நடக்க முடியாது.

காத்திருந்தது போல மூடுபனி ஏரியின் மேலிருந்து எழுந்து வந்தது. முதலில் காலணி மறைந்தது, பிறகு முழங்கால், பிறகு பாதையோரத்துக் கற்குவியல்கள் ஒவ்வொன்றாகக் கரைந்துபோயின. காற்று சட்டென்று நின்றது. இடுப்பிலிருந்த வாக்கி டாக்கி கரகரத்தது.

"அப்பா. எங்கே இருக்கீங்க?" மகன் கல்வீட்டில் காத்திருந்தான்.

"இறங்க ஆரம்பிச்சுட்டேன்."

"நேரா வந்துடுங்க. ஊதிப் பார்க்கறதெல்லாம் வேண்டாம்."

"ஊதிப் பார்க்கத்தானேடா இந்த வயசுல இவ்வளவு தூரம் ஏறி வந்தேன்?"

முதல் வளைவில் நின்றார். விசிலை எடுத்து இரண்டு தடவை ஊதினார். ஒலி வெள்ளைக்குள் போய்ப் பஞ்சில் விழுந்த கல்லாக அமுங்கியது. எதிரொலி இல்லை. அப்படியானால் மகன் பொய் சொல்லியிருக்கிறான்.

அப்போது பின்னால், ஏரிப் பக்கம், ஒரு விசில்.

ஒன்றே ஒன்று.

எதிரொலி என்றால் கொடுத்ததைத்தான் திருப்பித் தரும். இரண்டு கொடுத்தால் இரண்டு வரும். இது ஒன்று. பின்னால் வருகிறவர் தருகிற ஒன்று.

அவர் நடந்தார். இரண்டாவது வளைவில் ஊதினார். ஒன்று வந்தது, முன்னைவிடக் கிட்டத்தில். அதோடு இன்னொரு சத்தமும் இருந்தது: பாரம் சுமக்கிறவன் கால் மாற்றி வைக்கும்போது சரளைக்கல் நெரிகிற சத்தம். அவர் நின்றால் நின்றது. நடந்தால் வந்தது. ஈர இரும்பின் வாடை பிடரிக்குப் பின்னாலேயே இறங்கி வந்தது.

பயத்துக்கு நடுவே அவருக்குள் ஏதோ தளர்ந்தது. வாக்கி டாக்கியை எடுத்தார்.

"நீ சொன்னது நிஜம்டா. பதில் வருது. என் காதால கேட்டேன். நாளைக்கு அந்த மீசைக்காரன் முகத்துக்கு நேரா நின்னு சொல்றேன்."

வாக்கி டாக்கி கரகரத்தது.

"யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்ப்பா. நீங்க வந்துடுங்க."

"என்னடா பேசற? நம்ம மானம்..."

"திரும்பிப் பார்க்காதீங்க. வந்துடுங்க."

எந்த ஏற்றமும் இறக்கமும் இல்லாத குரல். இத்தனை மாதம் அவர் காதில் விழுந்த குரல் இதுதானா? அவர்தான் பேச இடம் கொடுக்கவில்லையே, எப்படித் தெரியும்.

மூன்றாவது வளைவு. அவர் ஊதவில்லை. ஆனாலும் பதில் வந்தது. காதுக்கு ஒரு முழம் பின்னால்.

கல்வீட்டின் விளக்கு வெள்ளைக்குள் மஞ்சளாகக் கசிந்தது. இன்னும் கொஞ்ச தூரம்தான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். ஆனால் நாளை கேட்பார்களே. பெரியவரே, கேட்டீங்க சரி, பார்த்தீங்களா? பிள்ளைக்காக அப்பன் சொல்கிற கதை என்பார்களே. வெறும் காதை வைத்துக்கொண்டு சங்கத்துக் கூடத்தில் எப்படி நிற்பது?

முதுகை நிமிர்த்திக்கொண்டார். குடும்பத்தில் யாரும் செய்யாததைச் செய்தார்.

திரும்பினார்.

முதலில் தெரிந்தது கயிறு. மார்பைச் சுற்றி, தோளைச் சுற்றி இறுக்கிய கயிறு. அந்தக் கயிற்றால் முதுகோடு கட்டப்பட்டிருந்த ஆள். தொங்கிய தலை. தடித்த கண்ணாடி. இரண்டு வில்லையிலும் பனிக்கட்டி.

சுமந்து நின்றவனின் காலணி தேய்ந்துபோயிருந்தது. காலணிக்குள் இருந்ததும் தேய்ந்துபோயிருந்தது. குனிந்து, பாரத்தை ஏற்றிப் பிடித்து, ஒவ்வொரு அடியாக, போன பருவத்திலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தான்.

தலையை நிமிர்த்தினான்.

மகன்.

விடவில்லை. ஆளை விடவில்லை.

பெரியவரின் வாயிலிருந்து வெண்புகையாக மூச்சு வந்தது.

பின்னால் கல்வீட்டுக் கதவு திறந்தது.

"அப்பா."

ஆறு மாதமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்த காலடி, படியிறங்கி வந்தது. அதே நடை. அவசரமே இல்லாத நடை.

"குளிர்ல நிக்காதீங்கப்பா. வாங்க, வீட்டுக்குப் போலாம்."

அவர் மணிக்கட்டின் மேல் ஒரு கை வந்து அமர்ந்தது. விரல்கள் நீளமாக இருந்தன. சுற்றி வந்தன. இன்னும் சுற்றின.

எதிரே நின்ற மகனின் உதட்டோடு விசில் உறைந்து ஒட்டியிருந்தது. அவனால் வாயைத் திறக்க முடியவில்லை. அப்பாவின் கண்ணையே பார்த்தபடி தலையை மட்டும் ஆட்டினான்.

வேண்டாம். வேண்டாம். வேண்டாம்.