நலம் என்றால் ஒரு இழுப்பு

கேட்பதற்கு முன்பே பதில் வந்தது. அதுதான் தெயோதோசியோவை முதலில் உறுத்தியது.

படகில் இருப்பவன் காற்றுக்குழாயை ஒரு முறை இழுத்தால் ‘நலமா’ என்று பொருள். கடலடியில் அதை வாயில் கவ்வி மூச்சு வாங்கியபடி சிப்பி பொறுக்குபவன் ஒரு முறை இழுத்தால் ‘நலம்’. மூன்று முறை இழுத்தால் ‘தூக்கு’. கீழே இருந்தவன் மெல்கியாதெஸ், நிறைமாதமாக இருக்கும் தங்கை ரொசெந்தாவின் கணவன். நாலு தடவை கேட்டால் ஒரு தடவை பதில் சொல்லும் சோம்பேறி. இன்று குழாய் வெகு சமர்த்தாக இழுத்தது.

பெருவின் குளிர்ந்த கடல் அந்த ஆண்டு பிள்ளைக்கு வார்க்கும் வெந்நீர் போலக் கிடந்தது. நெத்திலி தெற்கே போயிற்று, அதன் பின்னாலேயே பறவைகளும். வடக்கிலிருந்து பெயர் தெரியாத மீன்கள் வந்தன, கொஞ்ச நாள் நின்றன, அவையும் தெற்கே ஓடின. சூடு தாங்கவில்லை என்று ஊரே சொன்னது. தெயோதோசியோ நம்பவில்லை. சூட்டிலேயே பிறந்த மீன் எதற்கு ஓட வேண்டும்? பின்னால் எதுவோ வருகிறது என்று காலையில் சொன்னபோது மெல்கியாதெஸ் சிரித்தான்.

“மீனுக்கு நீதான் வக்கீலா மச்சான்? குழாயப் பிடி.”

மூடுபனியில் பக்கத்துப் படகுகள் தெரியவில்லை. அவற்றின் காற்று எந்திரங்கள் மட்டும் இருமிக்கொண்டிருந்தன. எண்ணெய்ப் புகைக்கு அடியில், தண்ணீரிலிருந்து, வெதுவெதுப்பான வேறொரு வாடை ஏறி வந்தது. குழாய் இழுத்தது. நலம். கேட்காமலே மறுபடியும். நலம். நலம்.

அவனுக்குப் பயமாக இருந்தது.

அப்போது படகின் மறுபக்க விளிம்பை ஒரு கை பற்றியது. மெல்கியாதெஸ். வாயில் குழாய் இல்லை. மூக்கில் ரத்தம். தெயோதோசியோ அவனை அள்ளி உள்ளே போட்டான்.

“எத்தன தடவ மூணு இழுத்தேன். ஏன் தூக்கல?”

“ஒண்ணுதானே வந்துச்சு மாப்ள.”

“வாயிலேருந்து பிடுங்கிட்டுது மச்சான்.”

எது என்று தெயோதோசியோ கேட்பதற்குள் கையிலிருந்த குழாய் அசைந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

கத்தியை எடுத்து அறுத்தான். அறுந்த முனை நீருக்குள் நழுவியது.

பனிக்குள், பக்கத்துப் படகில், புல்ஹென்சியோவின் குரல் கேட்டது. மூணு இழுத்துட்டான், தூக்குங்கடா. அதற்கு அப்பாலும் யாரோ அதையே சொன்னார்கள். தெயோதோசியோ தொண்டை கிழியக் கத்தினான். எந்திரச் சத்தம் அதை விழுங்கியது. நான்கு பக்கமும் ஈரக் குழாய்கள் மர விளிம்புகளில் உரசி ஏறிக்கொண்டிருந்தன.

“அடேயப்பா, என்னா கனம்டா இன்னிக்கு” என்றான் புல்ஹென்சியோ, சந்தோஷமாக.