ராம்ப்பில் ஒரு கிறீச்!

"ஐயோ... என் வீட்டுக்காரரைக் காணோமே!"

அலறல் ஃபெர்ரியின் மேல்தளத்தையே ஒரு உலுக்கு உலுக்கியது.

மாலை நான்கு மணி. கரைக்கு இன்னும் கால் மணி நேரம். கடல் சமர்த்தாகக் கிடந்தது.

கீழே கார் தளத்தின் முன்கோடியில் நின்றிருந்த விசிலக்கா, வாயிலிருந்த விசிலை எடுத்தாள்.

பதினெட்டு வருஷமாக இங்கே வண்டிகளை ஏற்றி, வரிசை கட்டி, இறக்குகிறவள். ஏறும் ஒவ்வொரு காரின் டிக்கியையும் திறந்து, கேஸ் சிலிண்டர், பெட்ரோல் கேன் இருக்கிறதா என்று பார்ப்பதும் அவள்தான். பயணிகள் மேல் அவளுக்கு இருந்த மரியாதை முதல் வருஷமே தீர்ந்துவிட்டது. ஏறும்போது முண்டியடிப்பார்கள். இறங்கும்போது ஹாரன் அடிப்பார்கள். நடுவில் எதையாவது தொலைப்பார்கள். தொலைந்த பொருள் நோட்டும் அவள் பொறுப்பு. குடை, மூக்குக் கண்ணாடி... ஒரு தடவை பல்செட்கூட!

புருஷனைத் தொலைத்தது இதுதான் முதல் தடவை.

"எந்த மூலையில குறட்டை விட்டுக்கிட்டிருக்கோ..." என்று முணுமுணுத்தபடி படிக்கட்டுப் பக்கம் வந்தவள், அப்படியே நின்றாள்.

படிக்கட்டின் அடியில், ஆட்கள் ஏறும் பக்கவாட்டு கேட் 'ஆ'வென்று திறந்து கிடந்தது!

கொக்கி கழன்று சங்கிலி தொங்கியது. பக்கத்தில் ஒரே ஒரு செருப்பு. பளபளவென்று விலை உயர்ந்த தோல் செருப்பு.

அதற்கு அப்பால்... தண்ணீர்.

அந்த கேட்டுக்குக் காவல் யார்?

விசிலக்காவின் புருஷன்!

கையில் தண்ணீர் டம்ளரோடு மேலே இருந்து ஓடிவந்தார் கேட்காரர். கேட்டைப் பார்த்தார். டம்ளர் நழுவியது.

"என்னங்க இது?"

"நா... நான் கொக்கியை மாட்டினேன்மா! மூணு தடவை இழுத்துப் பார்த்தேன்!"

அது பொய்யாக இருக்கவே முடியாது. வீட்டில் கேஸ் அடுப்பை மூன்று தடவை பார்ப்பார். படுத்த பிறகு எழுந்து போய்த் தாழ்ப்பாளை மூன்று தடவை ஆட்டுவார். அந்த மூன்றாவது தடவைக்காக அவள் அவரைத் திட்டாத நாளே இல்லை.

"எங்க போனீங்க?"

"ஒரு அம்மா படியில நின்னுக்கிட்டு, மயக்கம் வருது, தண்ணி கொண்டு வாங்கன்னாங்க. ரெண்டே நிமிஷம்தான்..."

"எந்த அம்மா?"

கேட்காரர் விரலால் மேலே காட்டினார்.

"இப்ப கத்துறாங்களே... அவங்கதான்."

ஃபெர்ரி நின்றது. சிறு படகை இறக்கினார்கள். முக்கால் மணி நேரம் வட்டமடித்தார்கள். போலீஸ் படகும் வந்து தேடியது. ஆள் கிடைக்கவில்லை. மேல்தளத்தில் முப்பது பேர் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். ஒருவராவது ஒரு மிதவையைத் தூக்கிப் போடவில்லை.

இன்ஸ்பெக்டர் ஏறி வந்தார். மீசை முதலில், அவர் பின்னால்.

"யோவ்! கேட்டைத் திறந்து போட்டுட்டு தண்ணி சப்ளை பண்ணப் போனியா?"

"சார், நான் கொக்கியை மாட்டிட்டுத்தான்..."

"வாயை மூடு! விழுந்தவர் யார் தெரியுமா? பெரிய கான்ட்ராக்டர்! உன் அலட்சியத்துக்கு நீ வருஷக்கணக்கா களி தின்னப் போற!"

கான்ட்ராக்டரின் மனைவி மார்பில் அடித்துக்கொண்டாள்.

"இந்தப் பாவி என் குடியைக் கெடுத்துட்டானே!"

விசிலக்கா குறுக்கே வந்தாள்.

"சார், அவர் மூடின கேட்டை வேற யாரோ திறந்திருக்காங்க."

"யாரும்மா? மீன் வந்து திறந்துச்சா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கேட்காரரின் கையில் விலங்கு ஏறியது. பயந்தாங்கொள்ளி மனுஷன். பல்லியைப் பார்த்தாலே அவளைத்தான் கூப்பிடுவார். ஜெயிலில் யாரைக் கூப்பிடுவார்?

கேப்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி சரி, கரைக்குப் போய் வண்டிகளை இறக்கு. அடுத்த ட்ரிப்புக்கு லேட்டாகுது."

'உன் ட்ரிப்புல இடி விழ!' என்று மனசுக்குள் சொன்னபடி விசிலை வாயில் வைத்தாள்.

கரை வந்தது. வண்டிகளுக்கான இரும்புச் சரிவுப் பலகை, ராம்ப், இறங்கியது. கூடவே ஆரம்பித்தது ஹாரன்! ஒரு மனுஷன் கடலில் போயிருக்கிறான். இவர்களுக்கு நாலு வினாடி பொறுக்கவில்லை.

லாரி இறங்கியது. ஜீப் இறங்கியது. இரண்டு சின்ன கார்கள் இறங்கின. அதே மாதிரி மூன்றாவதாக ஒரு சின்ன வெள்ளைக் கார்.

கிறீச்ச்ச்...!

பின்பக்கம் ராம்ப்பின் இரும்பில் உரசியது.

விசிலக்காவின் தலை சட்டென்று திரும்பியது. காலடியில் கிடந்த மரக்கட்டையை முன் சக்கரத்துக்கு அடியில் எத்தித் தள்ளினாள். கார் முனகி நின்றது.

கறுப்புக் கண்ணாடி போட்ட இளைஞன் தலையை நீட்டினான்.

"ஓரம் போம்மா! உன் ராம்ப்தான் ஓட்டைத் தகரம்!"

"முன்னாடி இதே மாதிரி ரெண்டு கார் இறங்குச்சே... அதுக்கெல்லாம் உரசலையே?"

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"ஏறும்போது உங்க டிக்கியை நான்தான் திறந்து பார்த்தேன். ஒரு ஸ்டெப்னி, ஒரு குடை. காலி! இப்ப பின்னாடி தரையைத் தொடுதே... நடுக்கடல்ல எந்தக் கடையில என்ன வாங்கிப் போட்டீங்க, தம்பி?"

இளைஞன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவிக்கொண்டு வந்தார்.

"டிக்கியைத் திற!"

திறந்தது.

உள்ளே... மடித்து வைத்த மெத்தை மாதிரி ஒரு பருத்த உடல்! கண் மூடியிருந்தது. வாய் பிளந்திருந்தது. ஒரு காலில் பளபளவென்று தோல் செருப்பு. இன்னொரு கால் வெறுங்கால்!

"கொலை!" இன்ஸ்பெக்டர் இளைஞனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "அவரைக் கொன்னு டிக்கியில போட்டுட்டு, கடல்ல விழுந்த மாதிரி நாடகமாடா?"

"ஐயோ சார், கொலையெல்லாம் இல்ல! நான் அவர் மச்சினன்! அத்தான்... எழுந்திருங்க அத்தான்!"

அத்தான் அசையவில்லை.

"மச்சினனா? அப்ப குடும்பக் கொலை! உனக்குத் தூக்குதான்டா!"

"அத்தான்... சொல்லுங்க அத்தான்! என்னைத் தூக்குல போட்டுடுவாங்க அத்தான்!"

ஊஹூம். இமைகூட ஆடவில்லை.

ஆனால் விசிலக்கா பார்த்துவிட்டாள். தொப்பை மட்டும் மெல்ல மேலே போனது... மெல்லக் கீழே வந்தது.

'சீ! மச்சினன் தூக்குல தொங்கினாலும் பரவாயில்லைன்னு படுத்திருக்கானே, இவனும் ஒரு மனுஷனா?'

தளம் கழுவும் ஹோஸை இழுத்து வந்தாள்.

"சார், கொஞ்சம் தள்ளிக்குங்க. பிணத்தை அப்படியே கொடுக்கக் கூடாது. கழுவித் தரேன்."

சர்ர்ர்ர்...!

"ஹ... ஹ... ஹச்ச்!"

பிணம் எழுந்தது. டிக்கி மூடியில் 'டங்'கென்று தலை இடித்தது. "அம்மா!" என்றது பிணம்.

இளைஞன் தரையில் உட்கார்ந்து ஒப்பித்தான்.

"நாளைக்குக் கோர்ட்ல தீர்ப்பு சார்! செத்துட்டா கேஸே கிடையாதுன்னு கணக்குப் போட்டார். அக்கா கேட்காரரைத் தண்ணிக்கு அனுப்பினா. அத்தான் கொக்கியைக் கழட்டி கேட்டைத் திறந்து, ஒரு செருப்பைப் போட்டுட்டு, மாற்றுச் சாவியால டிக்கியைத் திறந்து ஏறிக்கிட்டார். என்னைக் கரைக்குப் போனதும் காரை ஓட்டிட்டுப் போகச் சொன்னார்..."

"எந்தக் கேஸ்?" என்ற இன்ஸ்பெக்டர், ஈரம் சொட்டிய முகத்தை உற்றுப் பார்த்தார். "சுவர் இடிஞ்சு மூணு கூலிக்காரங்க செத்தாங்களே... அந்தக் கான்ட்ராக்டரா நீ?"

கான்ட்ராக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

கேட்காரரின் கையிலிருந்த விலங்கு கழன்று, அந்தப் பருத்த கைகளுக்கு இடம் மாறியது. இன்ஸ்பெக்டர் மன்னிப்புக் கேட்கவில்லை. மீசை இடம் கொடுக்கவில்லை போலும்.

விடுதலையான கேட்காரர் நேராகப் பக்கவாட்டு கேட்டுக்குப் போனார். கொக்கியை மாட்டினார். இழுத்துப் பார்த்தார். ஒரு தடவை... இரண்டு தடவை... மூன்று தடவை. இன்றைக்கு விசிலக்கா அவரைத் திட்டவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கான்ட்ராக்டரின் மனைவி ஓடிவந்தாள். முன்பைவிட இரண்டு மடங்கு கண்ணீர்!

"ஐயோ... நீங்க உயிரோடதான் இருக்கீங்களா!"

விசிலக்கா இடுப்பிலிருந்து நோட்டை உருவி, பேனாவோடு அவளிடம் நீட்டினாள்.

"தொலைஞ்ச பொருள் கிடைச்சிருச்சும்மா. ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வாங்கிக்குங்க... நனைஞ்சிருக்குன்னு மட்டும் அப்புறம் புகார் பண்ணக் கூடாது!"