பச்சை ஈ உட்கார்ந்த இடம்

பூட்டைத் திறந்ததும் முகத்தில் அடித்தது அடைத்துக் கிடந்த வீட்டின் வாசனைதான். வேறொன்றும் இல்லை. ஈக்காரர் மூக்கை நம்பிப் பிழைப்பவர். உள்ளே அழுகல் ஏதும் இருந்தால் வாசலிலேயே தெரிந்துவிடும்.

"வாடகைக்கு வர்றவங்க நாளைக்குப் பாக்க வர்றாங்க. அப்பா ரூம் பூரா ஈயா மொய்க்குதுடா தம்பி. ரெண்டு தடவை கழுவி விட்டுட்டேன்," என்றாள் அக்கா. அவள் கூடத்தைத் தாண்டவில்லை.

அப்பா போய் மூன்று மாதம் ஆகியிருந்தது.

பூச்சி மருந்து அடிக்கும் வேலையில் இருபது வருடம் தள்ளியதில் ஹோட்டல்காரர்கள் அவருக்கு வைத்த பெயர்தான் ஈக்காரர். போனில் யார் கூப்பிட்டாலும் இரண்டே கேள்வி கேட்பார். "என்ன நிறம்? எங்க உட்காருது?" அதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். சாம்பல் நிறத்தில் குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தால் சாக்கடைக் குழாயில் சேறு. பொடிப்பொடியாகச் சமையலறையில் சுற்றினால் எங்கோ ஒரு பழம் புளித்திருக்கிறது. வீட்டு ஈ எச்சிலைத் துப்பிக் கரைத்து எதையும் உறிஞ்சும், வெட்கங்கெட்ட ஜென்மம். பச்சை ஈ அப்படியில்லை. பார்க்க நகைபோல மினுங்கும், ஆனால் முட்டையிடக் கெட்டுப்போன சதையைத்தான் தேடிப் போகும்.

அறைக்குள் இருந்தவை பச்சை ஈக்கள்.

ஜன்னல் சட்டம், பரண், கட்டிலின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் துழாவினார். செத்த எலிகூட இல்லை. மருந்தடித்துக் கதவைச் சாத்திவிட்டு அரைமணி கழித்து மறுபடி உள்ளே போனார்.

ஒன்றும் சாகவில்லை.

எல்லாம் கட்டிலின் கால்மாட்டில் கூடியிருந்தன. மெத்தையின் மேல் அல்ல. அதற்கு நாலு விரற்கடை மேலே, ஒன்றுமில்லாத காற்றில்.

குதிகால். நடுவில் வளைவு. ஐந்து விரல்கள்.

ஓர் இடது பாதம்.

அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. காலில் உணர்ச்சி மரத்துப்போய் வருடங்கள் ஆகியிருந்தன. உள்ளங்காலில் புண் வந்தது அவருக்கே தெரியாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது விஷம் உடம்பெல்லாம் ஏறிவிட்டிருந்தது. "ஒரு வார்த்தை சொல்லலையே மனுஷன்," என்று அக்கா இன்றுவரை சொல்லிச் சொல்லி அழுகிறாள்.

சொன்னார். ஈக்காரரிடம், மூன்று முறை.

"டேய், ஒரு பச்சை ஈ என்னை விடவே மாட்டேங்குதுடா. வந்து ஒரு தடவை மருந்தடிச்சிட்டுப் போயேன்."

"குப்பைக்கூடையை மூடி வைங்கப்பா. அடுத்த வாரம் வரேன்."

நிறத்தை அவரே சொல்லிவிட்டார். மிச்சமிருந்தது ஒரு கேள்வி. முன்பின் தெரியாத எத்தனையோ பேரிடம் வாய் ஓயாமல் கேட்டதைப் பெற்றவரிடம் கேட்கவில்லை. அப்பாவின் போன் என்றாலே ஈக்காரருக்கு அலுப்பு. இதை அக்காவிடம் சொல்ல இந்த மூன்று மாதமாக நாக்கு எழவில்லை.

"முடிஞ்சுதாடா?" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

அவர் திரும்பாமல் அந்தப் பாதத்தையே பார்த்தார்.

"அப்பா," என்றார், தனக்கே கேட்காத குரலில். "எங்க உட்காருது?"

ரீங்காரம் நின்றது.

ஈக்கள் எழுந்து தரையில் இறங்கின. கலையாமல், பாதமாகவே.

பிறகு ஓர் அடி முன்னால்.

இன்னொரு கால் ஊன்றும் நேரத்துக்கு ஓர் இடைவெளி.

மறுபடி ஓர் அடி.

ஈக்காரர் மண்டியிட்டார். அவர் முன்னால் வந்து நின்ற பாதம் மெல்ல உயர்ந்து, உள்ளங்கால் தெரியத் திரும்பியது. நடுவில் எலுமிச்சை அளவுக்கு ஓர் இடத்தில் மட்டும் ஈக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மொய்த்துக் கிடந்தன. அவர் கையை நீட்டினார். ஒரு குதிகால் அதில் வந்து அமர்ந்தது. காய்ச்சல் கண்ட உடம்பின் சூடு.

"மன்னிச்சிடுங்கப்பா."



கதவு திறந்தது. மூக்கைப் பொத்தியபடி எட்டிப் பார்த்த அக்கா முந்தானையை இறக்கினாள். சுவர், ஜன்னல், கட்டில் எங்குமே ஓர் ஈ இல்லை.

"அரைமணி நேர வேலைதான். நீ மனசு வச்சா எல்லாம் முடியுது," என்றாள். பிறகு அவரை உற்றுப் பார்த்தாள். "கையை ஏன்டா இப்படி ஏந்திக்கிட்டு இருக்க? இறக்கு."

அவர் இறக்கப் பார்த்தார். முடியவில்லை. குதிகாலின் கனம் இன்னும் உள்ளங்கையில் இருந்தது.