மேல்தளத்தில் நின்றவர்கள்

"என் நாவலோட கடைசி அத்தியாயத்தைக் காணோம் சார். நாளைக்கு அச்சுக்குப் போகணும்" என்று துப்பறிவாளரிடம் சொன்னார் கணக்கு ஆசிரியர். கடலில் காலைக்கூட நனைக்காதவர். மூழ்கும் கப்பலிலிருந்து தப்பிய ஒரு மாலுமியைப் பற்றி நாவல் எழுதியிருந்தார். அவர் போலீசுக்குப் போகவில்லை. வீட்டுக்குள் நடந்த திருட்டை வீதிக்குக் கொண்டுபோவது மானமுள்ள குடும்பத்துக்கு அழகல்ல.

துப்பறிவாளரும், எதிலும் முந்திக்கொள்ளும் அவருடைய மைத்துனனும் அந்த வீட்டுக்குப் போனார்கள். அதே வீட்டில் இருந்த ஆசிரியரின் அண்ணன் ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன். இருபது வருடங்களுக்கு முன் தன் கப்பல் மூழ்கியபோது கடைசி ஆளாக இறங்கியவர் என்று ஊரே கொண்டாடியது. காலை முழுக்கத் துறைமுகத்தில் இருந்ததாக அவர் சொன்னார்.

எழுதும் மேசையில் மீதிப் பக்கங்கள் அடுக்கு கலையாமல் இருந்தன. பக்கத்தில், நாலாக மடித்த ஈரத்துணியின்மேல் ஒரு காலி டீ கிளாஸ்.

"அச்சகக்காரன்தான் அத்தான்! காலையில வந்திருக்கான். டீயைக் குடிச்சுக்கிட்டே லவட்டிட்டான்" என்றான் மைத்துனன்.

"அவர் வாசல்ல நின்னே குடிச்சிட்டுப் போயிட்டாரு" என்றார் கேப்டனின் மனைவி, ஆசிரியரின் அண்ணி. "அப்புறம் நான் கடைக்குப் போயிட்டேன். இது யார் குடிச்சதுன்னு தெரியல. மேசைமேல ஈரத்துணியை நான் வைக்கவே மாட்டேன், பாலிஷ் போயிடும்."

மாலையில் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். துப்பறிவாளர் நிதானமாகப் பேசினார்.

"கப்பல் ஆடும்போது மேசையில இருக்கிற கிளாஸ் வழுக்கும். அதனால ஈரத்துணியை விரிச்சு அதுமேல வைப்பாங்க. ஆடாத மேசைக்கு அது எதுக்கு? யாரும் யோசிச்சு வைக்கல. படிக்கப் படிக்க மனசு கடலுக்குப் போயிடுச்சு. கை பழைய பழக்கத்தைச் செஞ்சிடுச்சு."

பேசும்போது அவர் கேப்டனின் பக்கம் திரும்பவில்லை. அது அவர் காட்டிய மரியாதை.

கேப்டன் எழுந்தார். தன் அலமாரியிலிருந்து காகிதங்களை எடுத்துவந்து தம்பியின் மடியில் வைத்தார்.

"உனக்கு யார்டா சொன்னது?"

"எதை அண்ணே?"

"கேப்டன் முதல் படகுல ஏறிட்டான்னு."

தம்பியின் முகம் வெளுத்தது. "யாரும் சொல்லல அண்ணே. கதைக்கு ஒரு திருப்பம் வேணும்னு நானா எழுதினேன். உங்களை நினைச்சு எழுதல. நீங்கதான் கடைசியா..."

அண்ணி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். வாயாடி மைத்துனன்கூடத் தரையைப் பார்த்தான்.

"கிழிச்சுப் போட்டுடறேன் அண்ணே. நம்ம குடும்ப மானம்..."

"மானமா? அது அந்தப் படகுலயே போயிடுச்சு. அச்சுக்குக் கொடு."

கேப்டன் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, ஒரு வரியில் விரலை வைத்தார்.

"இது மட்டும் தப்பு. மேல்தளத்துல ஏழு பேர் நின்னு கூப்பிட்டாங்கன்னு எழுதியிருக்கே. ஒன்பது பேர்."