முதுகு காட்டிய வீடு

லாரியிலிருந்து கடைசிப் பெட்டியை இறக்கிய மாடசாமி சுற்றுமுற்றும் பார்த்தார். "எல்லா வீட்டுக்கும் வாசல் மைதானத்தப் பாத்து இருக்கு. நமக்கு மட்டும் ரோட்டப் பாத்து. காத்து நல்லா வரும், சுப்பு."

கோவில்பட்டியிலிருந்து நெய்வேலிக்கு வந்த சுப்புலட்சுமிக்கு அந்த மூலைக் குவார்ட்டர்ஸில் காற்று வந்தது, மனிதர்கள் வரவில்லை. மற்ற பெண்கள் சாயங்காலமானால் வாசலை விட்டிறங்கி, வேப்பமரத்தடிப் புல்லில் வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். அரிசி புடைப்பதும், தலை பின்னுவதும், சிரிப்பதும் அங்கேதான். அதைப் பார்க்க அவளுக்கு அடுப்படியில் ஒரு சிமெண்ட் ஜாலி ஜன்னல் மட்டும் இருந்தது. அவர்களுக்கோ அந்தப் பக்கம் வெறும் சுவர்.

சுற்றிக்கொண்டு போய் அவர்கள் நடுவில் நிற்கக் கூச்சம். கணவர் மத்தியான ஷிஃப்டுக்கு மைன்ஸ் போனதும் ஜாலியில் முகம் வைத்து நிற்பாள். அவர்கள் சிரிக்கச் சிரிக்க அவள் நெஞ்சு எரியும். நிறைமாத வயிற்றோடு நடுநாயகமாய்க் காலை நீட்டியிருக்கும் செங்கமலத்தைப் பார்த்தால் இன்னும் எரியும்.

ஒருநாள், பற்றவைக்காத அடுப்பிலிருந்து லெக்கோ என்னும் அடுப்புக்கரி அவிந்த வாடை எழுந்தது. பிடரியில் ஈரமூச்சு பட்டது.

"உன்னச் சொல்லித்தான் சிரிக்கிறாளுங்க."

திரும்பினாள். யாருமில்லை.

பயந்திருக்க வேண்டும். ஆனால் தன் மனசில் கிடந்ததையே யாரோ சொன்னதும், அவளுக்கு அது துணையாகத்தான் தோன்றியது. மறுநாளும் அந்த மூச்சுக்காகக் காத்து நின்றாள்.

"அவளுக்கு எல்லாரும் இருக்காங்க. நமக்கு யாரு?"

'நமக்கு' என்றதும்தான் அவள் முதுகு சில்லிட்டது.

அந்த நேரம் பார்த்து வாசல் கதவு தட்டப்பட்டது.

"யக்கா! செங்கமலம். வெள்ளிக்கெழம வளைகாப்பு, சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். உங்க வூட்டுக்கு எம்மாந்தூரம் சுத்திகினு வரணும்! புள்ள வழியிலயே பொறந்துடும் போல."

சுப்புலட்சுமி ஓடிப்போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

அவள் கைமேல் இன்னொரு கை இருந்தது.

"தொறக்காத."

குளிர்ந்த விரல்கள் அவள் விரல்களை இரும்போடு சேர்த்து அழுத்தின.

"தூங்கறீங்களா? சரி, இருக்கட்டும்..." செருப்புச் சத்தம் விலகியது. இன்று இவள் திரும்பிப் போனால், இனி ஒருத்தரும் இந்தப் படி ஏறமாட்டார்கள்.

"முருகா!"

கதவு திறந்துகொண்டது.

அவள் முகத்தைப் பார்த்ததும் செங்கமலம் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க்கா, கை இப்படிச் சில்லுனு கெடக்கு?" நடந்ததைக் கேட்டதும் அவள் குரல் இறங்கியது. "முன்ன இங்க இருந்த அம்மாவும் வெளிய வரமாட்டாங்க. கர்வம்னு நெனச்சோம். செத்துக் கெடந்ததே, அவங்க வூட்டுக்காரர் ஷிஃப்ட் முடிஞ்சு வந்துதான் தெரிஞ்சுது. பேருகூட நாங்க கேக்கலக்கா."

சுப்புலட்சுமிக்குக் கண் நிறைந்தது. யாராவது ஒருத்தி வந்து கூப்பிட்டிருந்தால் போதுமே! கிளம்பும்போது, இறந்த அந்தப் பெண்ணை நினைத்து அடுப்படியைப் பார்த்துக் கும்பிட்டுச் சொன்னாள்.

"நீங்களும் வாங்கக்கா."

மரத்தடியில் பெண்கள் நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தார்கள். யாரோ அவித்த நிலக்கடலையை, அந்த ஊர் மல்லாட்டையை, மடியில் கொட்டினார்கள். செங்கமலத்தின் தோளை உரசி உட்கார்ந்தபோது, நெஞ்சில் அந்த எரிச்சல் இல்லை.

"யக்கா, நவுந்துதான் உக்காருங்களேன். இந்தத் தள்ளு தள்றீங்க!" செங்கமலம் சிரித்துக்கொண்டே திரும்பினாள். சிரிப்பு நின்றது.

சுப்புலட்சுமியும் மறுபக்கம் தள்ளப்பட்டுக்கொண்டிருந்தாள்.

இருவருக்கும் நடுவில், ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்கு, புல் மெல்லப் படிந்தது.